பந்துவீச்சாளர் முனை

அவனுக்கு ஏதாவது ஆகும்போதெல்லாம்
எனக்கு போன் வரும்.

பந்தில் மிட்டாய் எச்சில் தடவினானென்று
ஐந்து ஆட்டம் தடை வாங்கியபோது வந்தது.
கேப்டன் முகத்துக்கு நேரே கையுறையைக் கழற்றி வீசிவிட்டுப்
பெவிலியன் படியேறியபோது வந்தது.
சேப்பாக்கத்தில் காலையில் தொண்ணூற்றொன்று அடித்து
மாலையில் கடல்காற்று திரும்பியதும்
ஆறு விக்கெட் சாய்த்தானே,
அன்றைக்கு வரவில்லை.

"சார், கிளாரன்ஸ் அமலதாஸ் பத்தி..."
தெரியும் தம்பி, கேள்.
மின்வாரியத்தில் மீட்டர் புகார்ப் பிரிவு என்னுடையது.
மேஜைக்கு முன்னால் எப்போதும் நாலு பேர்.
அவர்களைக் கையமர்த்திவிட்டு
நான் மறுபடி ஒருமுறை அவுட் ஆவேன்.

முதல் டிவிஷன் லீக், மெரினா மைதானம்.
ஒன்பது ரன் வேண்டும், ஒரே விக்கெட் பாக்கி.
எதிர்முனையில் லோகு.
அவனுக்கு மட்டை என்பது ஊன்றி நிற்க ஒரு கம்பு.
எப்படியாவது ஒற்றை ரன் ஓடி
நான் அந்தப் பக்கம் போய்விட வேண்டும்.
பெரம்பூர்க்காரன் ஓடி வந்தான்,
இடக்கை மேலே போனது,
பந்து வரவில்லை.
திரும்பினேன். பெயில்ஸ் இரண்டும் மண்ணில்.

சுண்டல் பையனோடு சேர்த்து
இருபத்தைந்து பேர் பார்த்திருப்பார்கள்.
யாரோ இளநீர் மட்டையை எறிந்தார்கள்.
வேறெதற்கோ வந்த போட்டோகிராபர் ஒருவர்
சும்மா அமுக்கிய படம் அது:
கோட்டுக்கு இரண்டடி வெளியே, வாய் பிளந்து, நான்;
ஸ்டம்பில் கை வைத்தபடி அவன்.

இருபத்திரண்டு வருடமாக அதே படத்தைப் போடுகிறார்கள்.
என் பெயரை மட்டும் மாற்றி மாற்றி.
குணசேகர். தனசேகர்.
ஒருமுறை வெறும் 'பேட்ஸ்மேன்'.

படத்தில் இல்லாதது ஒன்றுண்டு.
அன்றைய தண்ணீர் இடைவேளையில்
பிளாஸ்டிக் டம்ளரை என் கையில் திணித்தபடி சொன்னான்:
"டேய் குலா, சீக்கிரம் கிளம்புற.
இன்னொரு வாட்டி கிளம்புனா எடுத்துருவேன்."
சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
நானும் சிரித்தேன்.

இதை நான் யாரிடமும் சொன்னதில்லை.
வீட்டில்கூட.
விசித்திரம், அவனும் சொல்லவில்லை.
மைக்குகளுக்கு முன்னால் சூயிங்கம் மென்றுகொண்டு
"ரூல்ல இருக்கு" என்பான், அத்தோடு சரி.
திமிர் என்று எழுதினார்கள்.
ஒரே ஒரு வாக்கியம் போதும், எல்லாம் என் மேல் திரும்பியிருக்கும்.
அதை எதற்காக வைத்துக்கொண்டிருந்தான்?
பெருந்தன்மையா,
என்னைப் பொருட்டாகவே நினைக்கவில்லையா?
இரண்டாவதுதான் என்று
நினைத்துக்கொள்வது எனக்கு வசதி.

போன வாரம் ஓய்வை அறிவித்தான்.
பத்து நிமிடத்தில் போன்.
இந்த முறை ஒரு பெண், கனிவான குரல்:
"இப்பவாவது அவரை மன்னிச்சுட்டீங்களா சார்?"

வரிசையில் முதலில் நின்றவர்
பூட்டின வீட்டுக்கு நாலாயிரம் பில் என்று
காகிதத்தை ஆட்டிக்கொண்டிருந்தார்.
மின்விசிறி சத்தம் வேறு.
சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன்,
சத்தியமாக.

"மன்னிச்சாச்சும்மா" என்றேன்.

மறுநாள் நாலு பத்தியில் வந்தது.
என் பெரிய மனதுக்குத் தனிக் கட்டம்.
இந்த முறை குலசேகர் என்று
பிழையில்லாமல் போட்டிருந்தார்கள்.
ஆபீசில் கேசரி வாங்கினார்கள்.

ராத்திரி பதினொன்றரைக்குத்
தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி.

"பெரிய மனசுடா குலா உனக்கு."

சிரித்துக்கொண்டு அனுப்பினானா என்று
எத்தனை முறை படித்தும்
தெரியவில்லை.