நூற்றைம்பது சொல்லுக்குள்

கேள்வி நூற்றைம்பது சொல்லைத் தாண்டக்கூடாது.
பேர் வரக்கூடாது. வாதம், ஊகம்,
யாரையும் குத்துகிற அடைமொழி எதுவும் கூடாது.
ஈரோட்டில், பெருந்துறை ரோட்டில்,
பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ்.
பன் வேகும் வாசனையில் உட்கார்ந்து
ஏழு வருசமாகக் கேள்வி எழுதுகிறேன்,
எம்.பி. துளசிமணி அம்மாவுக்கு.

முதல் படி முந்நூற்றுப் பன்னிரண்டு சொல்.
அதில் பழனாத்தாள் இருந்தாள்.
சென்னிமலையில் பெட்ஷீட் மடித்து அடுக்கும் வேலை,
நூறு மடித்தால் இவ்வளவு என்று கூலி.
மகன் யுவராசு, வயது இருபத்தாறு.
தசை ஒவ்வொன்றாகச் சொல்லாமல் கிளம்பிப் போகிற சீக்கு.
"ரெண்டு மணிக்கொருக்கா பொரட்டிப் போடோணுமுங்க,
இல்லீன்னா முதுகு புண்ணாயிரும்"
அப்படியே எழுதியிருந்தேன்.
கம்பெனியிலிருந்து வீட்டுக்குச் சைக்கிளில் ஏழு நிமிசம்,
திரும்ப ஏழு, புரட்ட ஆறு,
அந்த இருபது நிமிசத்துக்கும் கூலி பிடிக்கிறார்கள் என்பதையும்.
ஊர் ஊருக்குப் போர்வை போகிறது,
அவன் முதுகில் துணி பட்டால் ஒட்டிக்கொள்கிறது.
இந்த வரியைத்தான் முதலில் அடித்தேன்,
கொஞ்சம் அழகாக இருந்ததால்.

பிறகு சைக்கிள் போனது.
ஏழு நிமிசம் போனது.
யுவராசு 'தீவிரக் குறைபாடுடைய நபர்' ஆனான்,
பழனாத்தாள் 'முதன்மைப் பராமரிப்பாளர்'.
'வெசனம்' என்று ஒரு சொல் வைத்திருந்தேன்.
டில்லியிலிருந்து மொழிபெயர்ப்பாளர் போன் போட்டார்.
கவலையா, வருத்தமா, எது சார்?
ரெண்டும் இல்லைங்க என்றேன்.
அப்படியென்றால் எடுத்துவிடலாமே என்றார்.
அவரும் நல்லவர்தான்.
நூற்று நாற்பத்தெட்டு.
மிச்சம் இருந்த ரெண்டு சொல்லுக்கு
'தயவு செய்து' என்று போட்டேன்.
கேள்வியில் தயவு கிடையாதாம், திரும்பி வந்தது.

குலுக்கலில் ஐந்தாம் எண் விழுந்தது.
முதல் நாலு பேரில் ரெண்டு பேர் அன்றைக்கு வரவில்லை,
அதனால்தான் எங்கள் முறை வந்தது.
பதில் மேசையில் வைக்கப்பட்டிருக்கிறது என்றார் அமைச்சர்.
துணைக் கேள்விக்கு அம்மா எழுந்தார்,
நான் தட்டிக் கொடுத்த தாளைக் கவிழ்த்து வைத்தார்.
"பழனாத்தாளுக்கு
ஞாயித்துக்கிழமை லீவு குடுக்கறது யாருங்க?"

ராத்திரி ஆங்கிலக் குரலை வைத்துப் பார்த்தேன்.
அந்த இடத்தில் மொழிபெயர்க்கிறவர்
ஒரு நொடி நின்றிருக்கிறார்.
மூச்சு இழுக்கிற சத்தம் கேட்கிறது.
அப்புறம் ஏதோ சொல் கிடைத்துப் போய்விட்டார்.
அமைச்சர், உறுப்பினரின் உணர்வைப் பகிர்ந்துகொண்டார்.
மருத்துவம் மாநிலப் பட்டியல்.
விவரம் திரட்டி அவையில் வைக்கப்படும்.
கேள்வி எண் ஆறு.

அடுத்த கூட்டத்தொடர் குளிர்காலத்தில்.
நூற்று நாலு நாள். நாளைக்குப் பன்னிரண்டு தடவை.
பெருக்கிப் பார்த்தேன், பார்த்திருக்க வேண்டாம்.

சனிக்கிழமை பதிலின் நகலோடு சென்னிமலை போனேன்.
தறிச் சத்தம் ரெண்டு பக்கமும் இடிக்கிற சந்து.
"மாண்புமிகு" வரைக்கும்தான் படித்தேன்.
"சித்த இருங்க," கடிகாரத்தைப் பார்த்தாள்.
"அந்தக் காலைப் புடிங்க. அங்கயில்ல. முட்டிக்குக் கீழ."
பிடித்தேன்.
இருபத்தாறு வயசுக் கால்
ஒரு முழுக்கைச் சட்டை கனம்கூட இல்லை.
முந்நூற்றுப் பன்னிரண்டிலும் இது இல்லை.

சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு யுவராசு கேட்டான்:
"நீங்கதான் எழுதறவருங்களா?
டிவில அம்மா பேரைச் சொன்னாங்க.
எம்பேரைச் சொல்லல."
குறையாகச் சொன்னானா, சிரித்தானா,
முகம் தெரியவில்லை.

பழனாத்தாள் தலையணையை முட்டுக்கொடுத்துவிட்டு
பதிலை வாங்கிக்கொண்டாள்.
திருப்பினாள். பின்பக்கம் வெள்ளை.
ஸ்கேல் இல்லாமல் கையாலேயே கட்டம் போட்டு,
மேலே தேதி எழுதி,
முதல் கட்டத்தில்
4.10 என்று குறித்தாள்.