இரண்டு வலக்கைகள்

ஹாரிசன் அவென்யூ சிக்னலில் பச்சை விழுந்ததும்
கொஞ்சம் அதிகமாகவே மிதித்துவிட்டேன்.
எலும்பு முறிகிற சத்தம்.
எஞ்சின் பாட்டுக்கு உறுமிக்கொண்டிருந்தது,
கார் நகரவில்லை.
பின்னால் நின்ற பால் லாரிக்காரர்
ஹாரன் அடிக்காமல் இறங்கி வந்து தள்ளினார்.
பியூட் நகரத்தில் அப்படித்தான்.

அறுபத்தைந்தாம் வருஷத்து ஃபால்கன்.
பெயர் என்னவோ ராஜாளி.
ஆறு சிலிண்டருக்கென்று கொடுத்த ஒல்லி அச்சின் மேல்
எட்டு சிலிண்டரை ஏற்றியவள் நான்தான்.
"பூனை முதுகில் பியானோ வைக்கிறாய்"
என்று டேனிட்சா அன்றைக்கே சொன்னாள்.
வெல்டிங்குக்கு இனி அவளிடமே போய் நிற்க வேண்டும்.

கையில் அறுநூறு டாலர்.
கேட்டலாக்கில் புத்தம் புதிய ஒன்பது அங்குல அச்சு:
மூவாயிரத்து இருநூறு, அனுப்பும் கூலி தனி.
அந்தப் பக்கத்தை இரண்டு ராத்திரி படித்தேன்,
பல் டாக்டர் தந்த செலவுச் சீட்டையே
அடையாளத்துக்குச் செருகி.

மிசூலாவில் ஒருவரிடம் பழைய அதே ஒல்லி, நூற்றைம்பது.
அதே சிக்னலில் அதே சத்தத்தை
இன்னொரு முறை கேட்க நூற்றைம்பது.

மேவரிக் காரின் எட்டு அங்குலம்
தைத்த சட்டை மாதிரி பொருந்தும்.
விற்கிறவனுக்கும் அது தெரிந்திருந்தது.
எழுநூற்றைம்பது என்றான்.
ஃபோனை வைக்கும்முன் எண்ணூறு என்றான்.

ரயில் பாதைக்கு அப்பால் ஆரின் டீகின் இரும்புக்கிடங்கு.
பனியில் மண்டியிட்ட எக்ஸ்ப்ளோரர்கள் பதினொன்று.
ஒவ்வொன்றின் அடியிலும் டார்ச்சும் கம்பி பிரஷுமாக
மல்லாந்து புகுந்தேன்.
டிஃபரன்ஷியல் மூடியின் போல்ட்டில்
நகம் அளவு தகரச் சீட்டு தொங்கும்.
துருவைத் தேய்த்தால் எண் வரும்,
சில சமயம் எண்ணோடு சீட்டே வந்துவிடும்.

எட்டாவது வண்டியில் கிடைத்தது: மூன்று, எழுபத்து மூன்று,
இடையில் ஓர் 'எல்'.
ஒரு சக்கரம் ஐஸில் வழுக்கினால்
மற்றது வேடிக்கை பார்க்காது என்று அர்த்தம்.
இந்தப் பல் கணக்கு ஹோம்ஸ்டேக் கணவாயை
மூச்சு வாங்காமல் ஏற்றும்,
சமவெளி நெடுஞ்சாலையில் முனகும்.
முனகட்டும்.
சமவெளியில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

டேப் வைத்துப் பார்த்தால் தலை நடுவில் இல்லை.
இடக்கை நீளம், வலக்கை குட்டை.
அங்கிருந்தே டேனிட்சாவைக் கூப்பிட்டேன்.
"இன்னொரு வண்டியில் வலப்பக்கத் தண்டு மட்டும் கழற்று,"
வாய் நிறைய எதையோ மென்றபடி சொன்னாள்,
"இடக்குழாயை மூன்று அங்குலத்துக்குச் சற்றுக் குறைவாக
நான் அறுத்துவிடுகிறேன்.
இரண்டும் வலக்கை. சரியாகிவிடும்."

நீல வண்டியில் அச்சு, பச்சை வண்டியில் தண்டு.
பச்சையின் முன்னறையில் யாரோ ஒருவரின்
காலாவதியான மீன்பிடி உரிமம்.
இருந்த இடத்திலேயே வைத்து மூடினேன்.

"இருநூற்று நாற்பது," என்றார் ஆரின்.
"இருநூறு," என்றேன்.
"டிஸ்க் பிரேக்கோடு வருகிறது, பார்த்தாயா?"
முதல் நிமிடமே பார்த்திருந்தேன்.
பார்க்காத முகத்தைக் கடைசி வரை காப்பாற்றினேன்.
இருநூற்று இருபது.

டேனிட்சாவின் கூலி உறைந்த எல்க் தொடை ஒன்று.
கொஞ்சம் பற்றவைப்பாள், காபி குடிப்பாள்,
எதிர்ப்பக்கம் கொஞ்சம், மறுபடி காபி.
அவசரப்பட்ட சூட்டில் குழாய் வளைந்துவிடுமாம்.
பியானோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.
தொடையை மட்டும் இரண்டு முறை எடை பார்த்தாள்.

ஞாயிறு காலை அதே சிக்னல், அதே பச்சை.
மிதித்தேன்.
தெரு பின்னால் போயிற்று.

ஒன்று சொல்ல விட்டுப்போயிற்று:
முன் சக்கரத்துக்கு நான்கு துளை, பின் சக்கரத்துக்கு ஐந்து.
டிக்கியில் இப்போது இரண்டு ஸ்டெப்னி,
மளிகைப் பைகள் என் மடியில்.
முன்பக்கம் அடுத்த வருஷம்.
முதலில் பல்.