எழுநூறு கிலோ

என் கைப்பையைச் சுட்டி மருத்துவர் கேட்டார்,
இது எவ்வளவு இருக்கும்?
இடது கையால் இனி ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாதாம்.
அக்குளில் எடுத்ததோடு கையின் வடிகாலும் போயிற்றாம்.
தலையாட்டினேன்.
ஜன்னலுக்கு வெளியே ஃப்யோர்டின் மேல் மழை மூட்டம்.
வெட்டிப்போட்ட புல்
வயலில் கிடந்தது.

நான் ஓய்ஸ்டைனைக் கட்டிக்கொண்டு வந்த கோடையில்
கம்பம் நட்டு, கம்பி இழுத்து,
ஈரப்புல்லைத் துணிபோல உலர்த்தினார்கள்.
ஒன்பது நாள் வெயில் வேண்டும் அதற்கு.
எங்கள் பக்கம் வெயில்
செருப்பைக் கழற்றாத விருந்தாளி.

பிறகு பேலர் வந்தது.
சின்னச் சதுரக் கட்டு, இருபது கிலோ, கயிறு விரலிடுக்கை அறுக்கும்.
ஒரு வருஷம் ஆயிரத்து நூற்று நாற்பது எண்ணினேன்.
கீழிருந்து அவன் எறிவான்,
தகரக் கூரைக்கடியில் நான் அடுக்குவேன்.
மூன்று நாளைக்குச் சளி கறுப்பாக வரும்.
முடிச்சுப் போடும் கொக்கி ஒருநாள்
அவன் சுண்டுவிரல் நுனியையும் சேர்த்து முடிந்துகொண்டது.
அக்கம்பக்கத்தார் கூடி, சிரித்து,
என்ன அருமையான நாட்கள் என்பார்கள்.
சொல்கிற யாரும்
அந்தக் கூரைக்கடியில் நின்றதில்லை.

இப்போது உருளைகள்.
கேத்தில் தன் இயந்திரத்தோடு வருகிறான், அரைநாள்,
பாதி ஈரத்திலேயே சுருட்டிப் பிளாஸ்டிக் சுற்றிப் போகிறான்.
மழை பெய்தால் பெய்யட்டும்.
டிராக்டர் போட்ட முட்டைகள் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள்.
உள்ளே புல் புளித்துக்கொண்டிருக்கிறது.

ரோஜா நிறப் பிளாஸ்டிக்கும் கிடைக்கிறதாம்;
ஒரு சுருளுக்கு இவ்வளவு என்று
என்னைப் போன்றவர்களின் சிகிச்சைக்குப் போகுமாம்.
சாப்பாட்டு மேசையில் மெதுவாகச் சொன்னான் ஓய்ஸ்டைன்.
என் மார்பைப் பற்றி வயல் முழுக்க நோட்டீஸ் ஒட்டப் போகிறாயா?
உருளைக்கிழங்கை உரித்தான். தோல் முழுவதும் போன பிறகும்
உரித்துக்கொண்டே இருந்தான்.

வெள்ளைதான் சொல்லியனுப்பினோம்.
கேத்தில் கொண்டு வந்தது ரோஜா.
கடையில் வெள்ளை தீர்ந்துவிட்டது என்றான்,
என் முகத்தைப் பார்க்காமல்.
அவனுக்குப் பொய் சொல்ல வராது.
சின்ன வயதில் எங்கள் வாஃபிள்களைத் தின்றுவிட்டு
இல்லை என்றபோதும் இப்படித்தான்
தன் பூட்ஸைப் பார்த்தான்.
நாற்பத்திமூன்று ரோஜா உருளைகள்.
திருப்பி அனுப்பவா முடியும்?

மறுநாள் காலை, காப்பிக்கு முன்னால்,
டிராக்டரில் ஏறினேன்.
இடது கை மடியில் கிடந்தது.
வலது கையின் இரண்டு விரலால் நெம்பியைத் தள்ள
எழுநூறு கிலோ எழுந்தது,
என் தலைக்கு மேலே.
கீழே சாலையில் பால் லாரி ஹாரன் அடித்துப் போனது.
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்
அப்படியே பிடித்திருந்தேன்.

வேலியோரத்து உருளையில்
காகம் அதற்குள் கொத்தியிருந்தது.
காற்றுப் புகுந்தால் பூஞ்சை பிடிக்கும்.
இறங்கிப் போய்
ஓட்டையைத் துடைத்து, பிசின்நாடாவை அழுத்தி ஒட்டினேன்.
நாடாச் சுருள் ஐந்து கிலோ வராது.
இடது கையாலேயே ஒட்டினேன்.