செயலாளரின் குறிப்பேடு

கூட்டம் தொடங்கியது ஏழு பத்துக்கு.
இடம்: பனிக்கட்டியில் கல் தள்ளி ஆடும் கூடத்தின் மாடி.
சஸ்காச்சவன் சமவெளி முழுக்க
பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தொன்பது.
வந்தவர்கள் ஏழு பேர்.
ரேலின் வரவில்லை, அவள் பசு ஈனுகிறது.
சங்கத்தின் உறுதிமொழியை எமெரிக் சொன்னான்,
வண்டியைத் தவறவிடப் போகிறவன் மாதிரி.

பொருளாளர் அறிக்கை:
கையிருப்பு நாற்பத்தாறு டாலர்.
ஈயக்கம்பி ஒரு சுருள் வாங்கியது.
கருகிப்போன மின்தடைகளுக்குப் பதில் புதியவை.
(கருக்கியது யார் என்பது பதிவாகவில்லை.)

பழைய விவகாரம்.
இதை நீளமாக எழுத அனுமதி கேட்டேன்.
யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

நவம்பரில் நாங்கள் செய்த வெப்பமானிகள்
ஐந்து தகரக் குதிர்களுக்குள் தொங்கின,
கூரையிலிருந்து கம்பியில்,
கனோலாவின் கறுப்பு மணிகளுக்கு நடுவே.
மணிக்கொரு தரம் ஓர் எண்
இந்த அறையின் பழைய மடிக்கணினிக்கு வந்து சேரும்.
நான்கு. மூன்று. ஐந்து. நான்கு.
ஃப்ரீசன் வீட்டு மூன்றாம் குதிர் மட்டும்
பதினொன்று என்றது ஜனவரி முதல் வாரம்.
பதினேழு என்றது அடுத்த வாரம்.
அதற்கடுத்து இருபத்துநான்கு.

"எங்கள் குதிரில் சூடெல்லாம் இல்லை"
என்றாள் கேட் ஃப்ரீசன்,
யாரும் கேட்பதற்கு முன்பே.
எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பது போல.

அவள் அப்பா மேல்மூடியைத் திறந்து
ஒரு பிடி அள்ளிப் பார்த்தாராம்.
சில்லென்று, நல்ல வாசனையாம்.
ஒரு சோறு பதம் என்பது
சேர்ந்து கொதிக்கும் பானைக்கு.
மேலே உறைந்து நடுவில் புழுங்கும் குதிருக்கு
எத்தனை சோறு?
இதை அன்று நான் யோசிக்கவில்லை.
இன்று எழுதும்போது யோசிக்கிறேன்.

மூன்றாம் கருவிக்குப் பற்றவைத்தது டோபியாஸ்.
பதினோரு வயது. கை நடுங்கும்.
எல்லோரும் அவன் கையைப் பார்த்தோம்.
தீர்மானம்: மூன்றாம் கருவி பழுது,
அதன் எண்களைக் கணக்கில் எடுப்பதில்லை.
ஆதரவு ஐந்து. எதிர்ப்பு ஒன்று.
வாக்களிக்காதவர் ஒருவர்:
செயலாளர்.

டோபியாஸ் வீட்டுக்குப் போய்
அதே நடுங்கும் கையால் இன்னொன்று செய்தான்.
உருகும் பனியில் வைத்தான்: பூஜ்யம்.
கொதிக்கும் நீரில் வைத்தான்: தொண்ணூற்றெட்டு.
"நீர் நூறில்தானே கொதிக்கும்" என்று சிரித்தோம்.
அவன் சிரிக்கவில்லை. வரைபடத்தைக் காட்டினான்.
கடல் மட்டத்திலிருந்து இவ்வளவு மேலே இருக்கிறோம்,
இங்கே நீர் கொஞ்சம் அவசரக்காரி.

அந்த வாரம் மூன்றாம் குதிர் முப்பத்துமூன்று.
கேட் அன்றிரவே அப்பாவை எழுப்பினாள்.
என்ன சொன்னாள் என்று தெரியாது,
குறிப்பில் சேர்க்கக் கேட்டபோது மறுத்துவிட்டாள்.
விடியும்வரை லாரியில் இறக்கினார்கள்.
குளிரில் ஆவி கிளம்பிற்றாம்.
நடுவில் கருகிய கட்டிகள், வாளி வாளியாய்.
மீதி பிழைத்தது. பாதி என்கிறார் அவர்,
முக்கால் என்கிறாள் அவள்.

புதிய விவகாரம்.
ஜனவரித் தீர்மானத்தைக் குறிப்பேட்டிலிருந்து
அழித்துவிடலாம் என்றாள் கேட்.
அதை வழிமொழிந்தவன் எமெரிக்.
டோபியாஸ் வேண்டாம் என்றான்:
"தப்பான அளவையும் வைத்திருக்கணும்.
அதன்மேல் ஒரே ஒரு கோடு.
கீழே இருப்பது படிக்கிற மாதிரி."

அப்படியே கோடு போட்டேன்.
என் பெயருக்கு எதிரே இருந்த
வாக்களிக்காதவர் என்பதன்மேலும் போட்டேன்.
அதற்கு யாரிடமும் அனுமதி கேட்கவில்லை.

சிற்றுண்டி: எமெரிக் வீட்டு டோனட்.
ஒன்று குறைந்தது.

கூட்டம் முடிந்தது ஒன்பதுக்கு.
மூன்றாம் குதிர் இப்போது காலி.
கருவியைக் கழற்ற யாருக்கும் நினைவில்லை,
வெறும் தகரத்துக்குள் தொங்கியபடி
எண் அனுப்பிக்கொண்டே இருக்கிறது.
கடைசியாக வந்தது:
பூஜ்யத்துக்குக் கீழே முப்பது.

படியிறங்கி வெளியே வந்து
ஒரு மூச்சு இழுத்தேன்.
மூக்குமயிர் உறைந்தது.

சரிபார்க்கப்பட்டது.
தாலியா வோவ்க், செயலாளர்.