ஒன்பது நாள்

ஜெனிலா அனுப்பிய படத்தில்
தண்ணீர்க் கிண்ணம் மட்டும்தான் இருந்தது.
அடியில் நல்லமிளகைப் பொடித்துத் தூவியதுபோல.
"இது என்ன அண்ணே?"

எனக்குத் தெரியும் அது என்னவென்று.
தெரியாதவன்போலப் படத்தைப்
பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
பிறகு எழுதினேன்:
"இங்க இருந்து போகும்போது சுத்தமாத்தான் இருந்துது."

நீலத்தில் இரண்டு டிக் விழுந்தது.

தக்கலை, மேட்டுக்கடைக்குப் பின்னால்,
மாடி அறையில் நாற்பத்தியொரு பெட்டிகள்.
கீழ்வீட்டு ஸ்டெல்லா டீச்சர்
பால் பைத்தான் என்றால்
பால் குடிக்கும் சாதி என்றே
நெடுநாள் நம்பியிருந்தார்.
பந்து, டீச்சர், பந்து. பயந்தால் உருண்டுகொள்ளும்.
"அப்படியா? அப்ப நம்மள மாதிரிதான்."

உருண்டுகொண்டேன்.
முதலில் சகிரித்தூள்மேல் பழி போட்டேன்,
ஈத்தாமொழியிலிருந்து வந்த மூட்டை.
பிறகு அவள் எலி வாங்கும் கடைமேல்.
பிறகு குளச்சல் கடற்காற்றின்மேலும்,
காற்றில் உண்ணி வராதென்று தெரிந்தே.

அவள் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டம்.
"நாலு நாளா வெள்ளத்திலயே கெடக்கு.
வெக்கைக்குக் குளிக்குதுன்னு நெனச்சேன்.
நான் வல்லதும் தப்பா செய்தேனா?"

வலைக் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவள்.
சீட்டுப் பணத்தை எடுத்து வந்து
பெட்டிமுன் குந்தி இருந்து கேட்டவள்:
"இதுக்கு நோய் நொம்பலம் ஒண்ணும் இல்லையே?"
நான் ரசீதைக் காட்டினேன்.
உயிரோடு கையில் சேரும், அதற்கு மட்டும் பொறுப்பு.
கீழே என் கையெழுத்து, அழகாக.
அந்த உயிரின்மேல் ஏறி வரும் உயிர்களைப் பற்றி
ரசீதில் ஒரு வரியும் இல்லை.

சித்திரையில் கொச்சியிலிருந்து ஒரு பெண்பாம்பு வந்தது.
புதிதாக வந்தது அறுபது நாள் தனியறையில்:
வாங்க வருகிறவர்களுக்கெல்லாம்
நானே சொல்லும் பாடம்.
ஒன்பதாம் நாள் இடம் போதாமல்
அடுக்கில் சேர்த்தேன்.
பதினெட்டாம் பெட்டி.
ஒட்டினாற்போலப் பத்தொன்பது,
குளச்சலுக்குப் போனது.

கொச்சிக்காரரைக் கூப்பிட்டேன். சிரித்தார்.
தனக்கு விற்ற கோழிக்கோட்டுக்காரரைக் கேள் என்றார்.
நான் ஜெனிலாவிடம் பேசிய அதே குரலில்.

இரவு பன்னிரண்டரை.
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
பதினெட்டைத் தூக்கினேன்.
தாடைக்கு அடியில், செதில் ஓரத்தில்,
கண்குழியின் விளிம்பில்,
மினுங்கி நகர்ந்தன.
இறக்கி வைத்தபோது என் மணிக்கட்டில்
கருப்பாய் ஒரு புள்ளி
வாட்ச் பட்டையை நோக்கி நடந்துகொண்டிருந்தது.
வெள்ளைத் துணியில் தேய்த்தேன்.
சிவப்பு. என் இரத்தம் இல்லை.

சித்திரைக்குப் பின் விற்றவை பதினொன்று.
மார்த்தாண்டம் மூன்று, குலசேகரம் ஒன்று,
நாகர்கோவில் ஐந்து, குழித்துறை, குளச்சல்.
ரசீதுப் புத்தகத்தின் பின்னட்டையில்
பெயர்களை எழுதினேன்.
விடிந்ததும் முதலில் ஆன்றோ.
நான் பேசி முடிக்குமுன்
"பைசா திருப்பித் தருவியா?" என்றான்.
தருவேன் என்றது என் வாய், என்னைக் கேட்காமல்.
இரண்டாவது எண் அணைந்திருந்தது.
மூன்றாவது வீட்டில்
குட்டி போன வாரமே செத்துப்போயிருந்தது.
"வளக்கத் தெரியாம நாங்கதான் கொன்னுட்டோம்னு
அப்பா சொன்னாங்க," என்றது ஒரு சிறுவனின் குரல்.
இல்லை, என்றேன்.
அதற்குமேல் நீளமாய் ஒன்று
யோசித்து வைத்திருந்தேன். வரவில்லை.

பத்து மணி பஸ்.
மடியில் மருந்துக் குப்பி, பஞ்சு, புதுப் பெட்டி.
இரணியல் தாண்டும்போது போன் அதிர்ந்தது.
"கிண்ணத்த மூணு தடவ கழுவிட்டேன் அண்ணே.
பின்னயும் வருது."

எழுதினேன். அழித்தேன்.
எழுதினேன்: "எனக்க பெட்டியில இருந்து வந்தது."

திங்கள்நகர் வரைக்கும்
சாம்பல் நிறத்தில்
ஒரே ஒரு டிக்.