ரசீது எண் இருநூற்றுப் பன்னிரண்டு

அனுமதித் தாள் வரும்வரை
நன்கொடை என்ற சொல்லையே எழுதாதீர்கள்
என்றார் பள்ளி முதல்வர்.
ஏழு மாதம்.
அதுவரை என் நோட்டில் பெயர், தொகை,
எதிரே ‘சொல்லியிருக்கிறார்’.
ராஸ் அல் கைமாவில் பத்தொன்பது வருடம்
கப்பல் ஏஜென்சிக்குக் கணக்கெழுதுபவள் நான்.
சொன்ன காசு கரை சேராது என்று தெரியும்.

இடத்துக்குக் குறையில்லை.
பேருந்துக் கொட்டகைக்குப் பின்னால்
பழைய ஜெனரேட்டர் அறை.
மூன்று கை வெள்ளை அடித்தும்
ஆகஸ்ட் ஈரத்தில் சுவர் வியர்த்து
டீசல் வாடை விடும்.
அங்கேதான் நாடகம், பறை, களிமண், கோடு வரைதல்,
சனிக்கிழமைகளில் எழிலரசி டீச்சரின் நடனம்.
மரத்தரை சதுர அடிக்கு நாற்பத்திரண்டு திர்ஹம்.
ஆட வேண்டிய பிள்ளைகளுக்கு முழங்கால் முக்கியம் என்றார் அவர்.
அதைச் செலவில் எந்தத் தலைப்பில் எழுதுவது?

வைரக்கண்ணு அண்ணாச்சி
நாற்பதாயிரத்துக்குச் செக் நீட்டினார்.
வாசலுக்கு மேல் அவர் அப்பா பெயர்.
சரி என்றோம், எழுத்தின் உயரத்தைக்கூட ஒத்துக்கொண்டோம்.
அப்புறம் குரலைத் தாழ்த்தி,
‘ஃபேமிலி மட்டும்னு ஒரு போர்டு வச்சிருங்க.
பேச்சிலர் பயலுக வந்தா சரிப்படாது.’

பேச்சிலர் என்றால் இந்த ஊரில்
கல்யாணமாகாதவன் இல்லை.
நாற்பத்தெட்டு வயது,
அறந்தாங்கியில் மனைவி, கல்லூரி போகும் மகள்,
ஆறு பேர் அறையில் மேல்கட்டில்:
அவன் பேச்சிலர்.

அந்த வாரம்தான்
டைல்ஸ் கம்பெனி கேம்ப்பிலிருந்து
கமாலுத்தீன் பால் பவுடர் டின்னோடு வந்தார்.
இருநூற்றுப் பதினோரு பேர், தலைக்குப் பத்து.
‘மொத்தமா ஒரு ரசீது போதுமா பாய்?’
‘ஆளுக்கு ஒண்ணு வேணும்க்கா.’
இரண்டு ராத்திரி எழுதினேன்.
மாசானமுத்து. தில்லைக்கண்ணு. ஆரோக்கியம். இன்னொரு ஆரோக்கியம்.
விரல் மரத்துப்போன எரிச்சலில் கேட்டுவிட்டேன்,
பத்து ரூபாய்க்கு எதற்கு ரசீது?
அவர் டின்னின் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
‘இதைக் காட்டினா கேட்டுல விடுவாங்கல்லக்கா?’

கமிட்டியில் ஒன்பது பேர்.
மூன்று மணி நேரம், இரண்டு பிளாஸ்க் டீ,
ஒருவர் எழுந்து போய்த் திரும்பி வந்தார்.
ஐந்துக்கு நான்கு.
செக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனவளும் நானே.
அண்ணாச்சி கோபப்படவில்லை.
பில் போடும் பெண்ணிடம்
அக்காவுக்கு ஒரு ஜூஸ் கொடு என்றார்.
அதுதான் தொண்டையில் நின்றது.

மரத்தரை பாதியாகச் சுருங்கியது.
மீதிக்கு, நிறம் ஒட்டாத கழிவு டைல்ஸ்,
கேம்ப்பிலிருந்து வந்து அவர்களே பதித்தார்கள்.
நடுவில் கோடு போட்டதுபோல் இருக்கிறது.
ஆடும் பிள்ளைகள் கோட்டைத் தாண்டினால்
காலடிச் சத்தம் மாறுகிறது.

முதல் வெள்ளி மாலை
காவலர் டேக் பகதூருக்குத் தமிழ் தெரியாது.
நீட்டிய தாள்களில் எண்ணை மட்டும் படித்தார்.
நாற்பத்தோரு பேர் உள்ளே.
சிலர் வண்ணம் தொட்டார்கள், சிலர் சும்மா நின்றார்கள்.
ஒருவர் ஏசிக்கு நேரே உட்கார்ந்து
பறைச் சத்தத்தில் அசையாமல் தூங்கினார்.
எழுப்ப வேண்டாம் என்றார் எழிலரசி டீச்சர்.

ஒன்று சொல்ல விட்டுவிட்டேன்.
டின்னில் இரண்டாயிரத்து நூற்றிருபது இருந்தது.
பத்து திர்ஹம் அதிகம்.
குறைந்தால் கைப்பணம் போட்டிருப்பேன்.
கூடினால் என்ன செய்வது?
கமாலுத்தீனுக்கும் தெரியவில்லை.
பெயர் இல்லாமல் இருநூற்றுப் பன்னிரண்டைக் கிழித்து
காவலர் அறை மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்தேன்,
யாராவது ரசீது இல்லாமல் வந்தால்
அது அவருடையது.

இதுவரை பதினான்கு பேர்
அதைக் காட்டி உள்ளே வந்திருக்கிறார்கள்.
மடிப்பில் கிழியத் தொடங்கிவிட்டது.
தணிக்கையாளர் வரும்முன்
டேப் ஒட்ட வேண்டும்.