மேற்படி வண்டி

இருபது ரூபாய் முத்திரைத்தாளில் எழுதுகிறேன்,
செங்கோட்டை சார்பதிவாளர் ஆபீசுக்கு எதிர்ப்புறம்
புன்னை மரத்தடி மேசையிலிருந்து,
பத்திர எழுத்தர் ஆவுடையம்மாள்.
ஊரார் கிரயத்தையெல்லாம் எழுதிய பேனா
இன்று என் வண்டிக்கு.

வாங்குபவர் கொல்லம் தங்கச்சன், பழைய கார் சேர்ப்பவர்.
முன்வரலாறு வேண்டுமாம்.

மேற்படி வண்டியின் பூர்வீகம் இத்தாலி, தூரின் நகரம்.
அங்கே அதற்குப் பெயர் ஆயிரத்து நூறு.
வெறும் எண், கைதிக்கு இருப்பதுபோல.
பெட்டி பெட்டியாகக் கப்பலேறி
பம்பாய் குர்லாவில் பூட்டப்பட்டது
ஐம்பத்து நான்கில்.
நானும் அந்த வருஷம்தான், இதே தெருவில்,
திருவிதாங்கூர்-கொச்சிக்காரியாகப் பிறந்தேன்.
இரண்டு வயதில் ஒரு விடிகாலை
வீடு நகரவில்லை, தொட்டில் நகரவில்லை,
சென்னை ராஜ்யத்துக்காரி ஆகிவிட்டேன்.

வண்டிக்கும் பெயர் மாற்றிக்கொண்டே இருந்தார்கள்:
எலிகண்ட், செலக்ட், சூப்பர் செலக்ட், டிலைட்,
திடீரென்று பிரசிடெண்ட்,
அதுவும் சலித்துப் பத்மினி.
தாய்வீட்டில் அச்சை மாற்றி
வேறு மாடலுக்குப் போய்விட்டார்கள்.
நாம் முன்பணம் கட்டி
வருஷக்கணக்கில் காத்துக் கிடந்தோம்.

என்னுடையது டிலைட்.
புனலூர் ரப்பர் முதலாளியிடம் எழுபத்தொன்பதில் வாங்கியது.
ஸ்டியரிங் கழுத்தில் கியர்,
பின்னால் மீன்போல இரண்டு சின்னத் துடுப்பு.
முக்கோணக் கண்ணாடியைத் திருப்பினால்
ஆரியங்காவுக் காற்று நேராக அக்குளுக்குள்.

ஓர் ஆனி மழையில்
புளியரை வளைவெல்லாம் ஏறி முடித்து
எல்லைப் பலகைக்கு அடியில் நின்றுபோனது.
மூக்கு கேரளத்தில், துடுப்பு தமிழ்நாட்டில்.
முன்பக்கத்திலிருந்து ஒருவர், "எவிடுந்நா?"
பின்பக்கத்திலிருந்து ஒருவர், "எங்கம்மா போறீங்க?"
நான் பானெட்டைத் தூக்கி
முந்தானையால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் துடைத்தேன்.
இரண்டு பேருக்கும் பதில் சொல்லாமல்
இருமிவிட்டுக் கிளம்பியது.

"ஒரிஜினல்தானே சேச்சி?"

கார்புரேட்டர் கோயம்புத்தூர்.
ரேடியேட்டருக்குக் கொட்டாரக்கரையில் ஈயம் பூசியது.
ஹாரன் மீன் லாரியிலிருந்து கழற்றியது,
அதனால்தான் அந்தத் தொண்டை.
பின்சீட்டுக்கு நார் திணித்துத் தைத்தவன் மைதீன் பிச்சை,
கூலி பாக்கி இன்னும் கொஞ்சம் இருக்கிறது.

ஒரிஜினல் என்றே எழுதினேன்.

சாட்சி ஒன்று, ஜெராக்ஸ் கடை பீர்கனி.
சாட்சி இரண்டு, டீக்கடையில் அகப்பட்ட யாரோ.
இவர்கள் முன்னிலையில்
மேற்படி வண்டியின்மேல் வில்லங்கம் ஏதுமில்லை
என உறுதி கூறுகிறேன்.

ஏற்றத்தில் மூன்றாம் கியர் நழுவும்.
இடது கையால் அமுக்கிப் பிடித்தபடியே
வளைவை ஒடிக்க வேண்டும்.

அதை எழுதவில்லை.
புளியரையில் அவருக்கே தெரியும்.